எல்லாச் செலவும் உட்பட, மூன்று பேருக்கு

சூரிச்சில் வீடு தேடுவது கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதைவிடக் கஷ்டமானது. நல்ல உடுப்பு வேண்டும், நல்ல முகம் வேண்டும், பிள்ளை அடக்கமாக இருக்க வேண்டும். அப்படியும் நாலைந்து இடங்களில் எங்களை வேண்டாமென்று விட்டார்கள். அப்போது நான் இரண்டாம் வகுப்பு. வீட்டில் சுவிஸ் ஜெர்மனை ஒழுங்காகப் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், எங்கள் குடும்பத்தின் வெளிவிவகார அமைச்சர் பதவி என்னிடம் இருந்தது.

அந்த வீடு ட்ராம் தரிப்பிடத்துக்கு நேர் எதிரே. அப்பா ரயில் நிலையத்து உணவகச் சமையலறையில் விடியற்காலை வேலைக்குப் போகிறவர். நாங்கள் இருந்த ஊரிலிருந்து அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது; மழையோ பனியோ சைக்கிள்தான். இந்த வீடு கிடைத்தால் ட்ராமிலேயே போய்விடலாம். வாடகைக்குள் வெப்பமாக்கி, சுடுதண்ணீர், மின்சாரம் எல்லாம் அடக்கம். தண்ணீரும் அடக்கம் என்பதால் வீட்டுக்காரி தலை எண்ணித்தான் வீடு கொடுப்பாள். மூன்று பேருக்கு மேல் கூடாது என்று விளம்பரத்திலேயே இருந்தது.

நாங்கள் மூன்று பேர்தான். ஆனால் அம்மாவின் வயிற்றில் தம்பி இருந்தான். அதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அப்பாவின் பெரிய கோட்டை அம்மா ஏன் போட்டுக்கொண்டு வந்தார் என்றும் நான் கேட்கவில்லை.

ட்ராமை விட்டு இறங்கியதும் அம்மா தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப ராகுகாலம். நீங்கள் போய்ப் பாருங்கோ, நான் பிறகு வாறன்."

அம்மாவின் ராகுகாலம் எப்போது வரும், எப்போது போகும் என்பது ராகுவுக்கே தெரியாது. நானும் அப்பாவும் மேலே போனோம். வீட்டுக்காரி ஐம்பது வயதைத் தாண்டியவள், சிரிக்காத முகம். சமையலறையைக் காட்டினாள், நிலவறையில் உடுப்புத் தோய்க்க ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள முறைநாளைச் சொன்னாள். பிறகு, உன் அம்மா எங்கே என்று கேட்டாள்.

அப்பா என்னைப் பார்த்த பார்வை எனக்கு விளங்கவில்லை. இது கூடாத நேரம், அம்மா இப்போது புது வீட்டுக்குள் கால் வைக்க மாட்டார் என்று உள்ளதைச் சொன்னேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். ஆனால் சுவிஸ்காரருக்கு நேரம் என்றால் பக்தி. அது முடியட்டும், காத்திருக்கிறேன் என்றாள். யன்னல் கண்ணாடியால் கீழே பார்த்தாள். கீழே ஒரு ட்ராம் வந்து கதவைத் திறந்து மூடிப் போனது. அம்மா ஏறாமல் அதே வாங்கில் இருந்தார். இன்னொன்று வந்து போனது. அவள் யன்னலை விட்டு நகரவில்லை. 

கடைசியில், முடிந்துவிட்டது என்று சொல்வதைத் தவிர அப்பாவுக்கு வேறு வழியில்லை. நான் ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவந்தேன். படியேறியதில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. வெப்பமாக்கி எரிந்த அந்த வீட்டுக்குள் கழுத்துவரை பொத்தான் போட்டபடி நின்றார்.

"அம்மா, கோட்டைக் கழட்டுங்கோவன்!" என்று நானே முதல் பொத்தானில் கை வைத்தேன்.

வீட்டுக்காரி என் கையைப் பிடித்து விலக்கினாள். அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, கழற்ற வேண்டாம், இங்கே குளிர்காற்று அடிக்கிறது என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். மூன்று பேர், சரி, வீடு உங்களுக்குத்தான் என்று அப்பாவின் கையைக் குலுக்கினாள்.

திரும்பும்போது ட்ராமில் அம்மா அழுதுகொண்டு வந்தார். அப்பா, எல்லாருக்கும் முன்னால், அம்மாவின் கையைப் பிடித்திருந்தார். எனக்கு ஒரே கவலை.

"அப்பா, அங்க யன்னல் எல்லாம் பூட்டிக் கிடந்தது. ஒரு குளிரும் இல்லை. அவ பொய் சொல்லுறா."

"ஓம் பிள்ளை."

"பொய் சொல்லுற ஆக்களின்ர வீட்டிலயோ நாங்கள் இருக்கப் போறம்?"

"ஓம்" என்றார் அப்பா. அம்மா அழுகையோடேயே சிரித்துவிட்டார். இந்தப் பெரியவர்களுக்கு நல்லது கெட்டது தெரியவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.