மல்லம்மா அருவியில் மூணு பெல்

விடியற்காலை தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் ரயில் ஏறி, பெங்களூரில் ஓர் ஆபீசைக் கூட்டித் துடைத்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிற வெங்கடம்மாவுக்கு, அருவி என்றால் டிவியில் பார்த்ததுதான். ஆந்திர எல்லைக் காட்டில் மல்லம்மா அருவியின் இரைச்சல் காதில் விழுந்ததுமே, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டாள். ஐம்பத்தைந்து வயதுக்காரி என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

"இன்னாத்துக்கு இந்த ஓட்டம்? அருவி எங்கியும் போயிடாது" என்று முணுமுணுத்தபடி புருஷன் சம்பங்கி பின்னால் வந்தார்.

வழியில் பூக்காரி ஒருத்தி கதை சொல்லியிருந்தாள். புருஷனோடு சண்டை போட்ட மல்லம்மா, அருவிக்குப் பின்னால் இருக்கும் குகையில் போய் உட்கார்ந்துவிட்டாளாம். உள்ளே வரப் பயந்த புருஷன், வாசலிலேயே கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கல்லாகிப் போனானாம். அதனால் ஜோடியாக வருகிறவர்கள் குகை வாசலில் தொங்கும் மணியை அடித்துவிட்டு, சேர்ந்துதான் உள்ளே போகவேண்டும். அப்படிச் சேர்ந்து உள்ளே போகும் ஆசை வெங்கடம்மாவுக்கு அப்போதே பிடித்துக்கொண்டது. கல்யாணமான நாளாக இருவரும் ஆசைப்பட்டு எங்கேயும் சேர்ந்து போனதில்லை.

குகை வாசலில் சம்பங்கி நின்றுவிட்டார். சுரங்கத்தில் பாறை வெடித்துச் சரிந்து, கூட வேலை செய்த ஆர்தர் செத்ததைக் கண்ணால் கண்டவர். சுரங்கத்தை மூடியதிலிருந்து எந்தக் கல்லுக்கு அடியிலும் அவர் தலையைக் கொடுத்ததில்லை.

"நீ போய்ட்டு வா. நான் இங்கியே நிக்கிறேன்."

வெங்கடம்மாவுக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. "சரி, அந்த ஆளுக்குத் துணையா நீயும் கல்லா நில்லு" என்று சொல்லிவிட்டு, மணிக்கயிற்றை மூன்று முறை இழுத்தாள்.

சுரங்கத்தில் மூணு பெல் என்றால் கேஜில், அதாவது ஆட்களைக் கீழே இறக்கும் இரும்புக் கூண்டில், ஆள் ஏறப்போகிறது என்று அர்த்தம். பெல்லடித்து ஆட்களை ஏற்றி இறக்கியே காலம் தள்ளியவர் சம்பங்கி. அவர் தலை தானாகக் குனிந்தது, கால் தானாக எட்டு வைத்தது. "ஆளு, ஆளு, உள்ள தள்ளி நில்லு" என்று வெங்கடம்மாவின் தோளைப் பிடித்து நகர்த்திக்கொண்டு தானும் நுழைந்தார். அப்புறம்தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது.

தலைக்கு மேல் பாறை. கண்ணெதிரே வெள்ளை வெளேரென்று தண்ணீர். அவர் வாசல் பக்கம் திரும்பினார். வெங்கடம்மா அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சாரலில் இருவரும் தொப்பலாக நனைந்தார்கள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வாய்விட்டுச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அவரும் தலையை நிமிர்த்தித் தண்ணீரைப் பார்த்தார்.

"போதும்யா, வா, வெளிய போலாம்" என்றாள், அவர்மேல் இரக்கப்பட்டு.

"பெல்லடிக்காம எப்டிப் போறது? கம்முனு நில்லு."

மணிக்கயிறு அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் தொங்கியது. சம்பங்கி அதைத் தொடவே இல்லை.