கன்னத்தில் வைத்த பொட்டு

வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்குள்ள பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்களையும் அந்தப் பிள்ளைகளையும் வீடியோ காலில் பேச வைப்பதுதான் என் வேலை. ஆபீஸ் ஆர்.எஸ்.புரத்தில். அவர்கள் பேசுவதைத் தமிழிலும், இவர்கள் பேசுவதை இங்கிலீஷிலும் நான் சொல்ல வேண்டும். எனக்கோ அடுத்தவர் கதை என்றால் சோறு தண்ணி வேண்டாம். நாங்கள் அனுப்பும் அத்தனை பிள்ளைகளின் போட்டோக்களில் ஒரு பிள்ளையை மட்டும் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்? வருஷக்கணக்காக இந்தக் கேள்வி என்னை அரித்துக்கொண்டிருந்தது. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

பொள்ளாச்சியைத் தாண்டி ஒரு கிராமத்தில் ஒரு பெண். பதினெட்டு முடிந்துவிட்டது. உதவி அத்தோடு நிற்கும், பேச்சும் நிற்கும். கடைசி வீடியோ காலுக்கு அவர்கள் வீட்டுக்கே போனேன். காப்பி குடிக்காமல் போனைத் தொடக் கூடாது என்று அவள் அம்மா உட்கார வைத்துவிட்டார். அவர் உள்ளே போனதும் அந்தப் பெண் என் பக்கத்தில் வந்தாள்.

"மேடம், என்னைய எதப் பாத்து எடுத்தாங்கன்னு இன்னைக்குக் கேக்கோணுங்க."

"இப்ப எதுக்கு கண்ணு அது?"

"பாவம்னு எடுத்தாங்களா, புடிச்சு எடுத்தாங்களான்னு தெரியோணுங்க. இன்னைக்கு உட்டா யாருகிட்டப் போயிக் கேக்கறது?"

அவள் முகத்தில் விளையாட்டே இல்லை. எனக்கும் உள்ளுக்குள் குறுகுறுத்தது. காப்பி முடிந்து, அவள் அம்மாவும் வந்து உட்கார, கால் போட்டதும் கேட்டேவிட்டேன்.

அவளைப் படிக்க வைத்த வெள்ளைமுடி அம்மாள் திரையில் கொஞ்சம் தயங்கினார். "போட்டோவில் கன்னத்தில் பெரிய கறுப்பு. புண் என்று நினைத்தேன். ஐயோ, இந்தக் குழந்தையை டாக்டரிடம் காட்ட ஆள் இல்லையா என்று அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன்."

நான் தமிழில் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. "பாவம்னுதான்" என்று முனகினாள்.

அவள் அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "புண்ணா! ஏனுங்கக்கா, அது நான் வெச்ச திருஷ்டிப் பொட்டுங்க! போட்டோக்காரரு அழிக்கச் சொன்னாரு. ஊரே பாக்கற போட்டோ, கண்ணு பட்டுருமுன்னு இன்னும் பெருசா வெச்சுப்போட்டேன்!"

திருஷ்டி என்றால் என்னவென்று இங்கிலீஷில் விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. புரிந்ததும் அந்த அம்மாள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு போனைத் தூக்கிக்கொண்டு நடந்து, சமையலறைச் சுவரைக் காட்டினார். சின்ன வயதில் அந்தப் பெண் வரைந்து அனுப்பிய மாடு, மூலை மடங்கி, அங்கே ஒட்டியிருந்தது.

"அடுத்த போட்டோவில் புண்ணே இல்லை. ஆறிவிட்டது, இனி வேறு குழந்தையைப் பார்ப்போம் என்று விட்டிருக்கலாம். அதற்குள் இந்த மாடு வந்துவிட்டது. அப்புறம் எப்படி விடுவேன்?"

அதை நான் தமிழில் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள். அவள் அம்மா மை டப்பாவை எடுத்து வந்து, விரலில் தொட்டு, என் போன் திரையில் அந்த அம்மாளின் கன்னத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

"தனியா இருக்கறாங்க. யாரு கண்ணும் படாம நல்லா இருக்கட்டுங்க."

அம்மா என்ன செய்தார் என்பதை அந்தப் பெண் தன் தட்டுத்தடுமாறிய இங்கிலீஷில், என்னை எதிர்பார்க்காமல், அவளே சொன்னாள். அந்த அம்மாள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கால் முடிந்தது. முகம் போய்விட்டது. கறுத்த திரையில் பொட்டு மட்டும் இருந்தது.

"தொடச்சுத் தரட்டுங்களா மேடம்?" என்று கேட்டாளே தவிர, போனை என்னிடம் கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை.