காலையில் குளித்துவிட்டு வரும் லேப்

உங்களைக் காப்பாற்ற ஒருவர் பொய் சொல்லும்போது, பக்கத்திலேயே நின்று வாயை மூடிக்கொண்டு பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். காற்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, கொஞ்சம் ஸ்டைலாகவே நின்று பார்த்தேன்.

எனக்குக் கொழும்பில் வேலை. ஒரு கம்பெனியின் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சாஃப்ட்வேர் ஏற்ற ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். நீங்கள் வீட்டில் ஒன்றை ஏற்றினால் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரி' என்று அது கேட்பதற்கெல்லாம் தலையாட்ட வேண்டும். என் ஸ்கிரிப்ட் யாரையும் எதுவும் கேட்காது. முதலில் மெஷினைச் சோதிக்கும்: விண்டோஸ் எது, டிஸ்கில் இடம் இருக்கிறதா, துணைக்கு வேண்டிய சின்னச் சின்ன சாஃப்ட்வேர் இருக்கிறதா. இல்லாததைத் தானே ஏற்றும். பிறகு பெரியதை ஏற்றும். கடைசி வரியில் மெஷினையும் ஆஃப் பண்ணிவிடும். தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து யூனிவர்சிட்டி கெம்பஸ் போனவன் நான். இதை யாராவது விளக்கச் சொன்னால் போதும், லேசில் நிறுத்த மாட்டேன்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிற ஐ.சி.டி. மிஸ் ஒருநாள் கோல் எடுத்தார். கேகாலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற முஸ்லிம் டீச்சர். நான் படித்தபோது அங்கே லேபே கிடையாது. நான் போன பிறகுதான் கம்ப்யூட்டர்கள் வந்தன.

"மகன், வலயக் கல்வி ஒஃபிஸால லேப் பாக்க வாறாங்க. பரீட்சைக்கு வேண்டிய புரோகிராம் ஒன்டும் மெஷின்ல இல்ல. நாங்க பாவிக்கல்லண்டு சொல்லி எல்லாத்தையும் டவுன் ஸ்கூலுக்கு ஏத்திருவாங்க. ஒங்களுக்கு வர ஏலுமா?"

"ஒரு டபுள் கிளிக் மிஸ், அவ்ளோதான். நீங்க பிளேன்டி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள லேப் ரெடி."

அவர்கள் வருவதற்கு முதல் நாள் போனேன். பிள்ளைகள் கதவில் மொய்த்து நின்றார்கள். பென் டிரைவை எடுத்தேன்.

"மகன், இந்த மெஷின்கள்ல ஒரு விஷயம் ஈக்குது..."

"எல்லாத்தையும் ஸ்கிரிப்ட்டே செக் பண்ணும் மிஸ். நீங்க டென்ஷன் ஆகாதீங்க."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "மகன்" என்று ஆரம்பித்தார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளங்கையைக் காட்டினேன், பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. வேலை முடிந்து திரைகள் ஒவ்வொன்றாக அணைவதை வீடியோ எடுத்தேன். 'சைலன்ட் இன்ஸ்டால், எஸ்டேட் ஸ்டைல்' என்று ஸ்டேட்டஸ் போட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு மெஷினைக்கூடத் திரும்பப் போட்டுப் பார்க்காமல் இறங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் நானும் திரும்பப் போயிருந்தேன்; வலயத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பிரின்சிபல் வெற்றிலை கொடுத்து வரவேற்றார். 'எங்கள் தோட்டத்துப் பிள்ளை, இப்போது இன்ஜினியர்' என்று மிஸ் சிங்களத்தில் என்னை அறிமுகப்படுத்தினார். நான் சிரித்துக்கொண்டே முதல் மெஷினைப் போட்டேன். ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. நான் ஏற்றியதில் ஒரு ஐகன்கூட இல்லை.

"கோ மிஸ்? மொகுத் நேனே!" என்றார் வந்தவர்களில் பெரியவர். எங்கே, ஒன்றுமே இல்லையே என்கிறார். கோபம்கூட இல்லை, சும்மா கேட்கிற மாதிரி. பிரின்சிபல் பதறிப்போய் அவர்களைத் தேநீருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்தத் தேநீர் நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்கிரிப்ட் தான் செய்ததையெல்லாம் பென் டிரைவில் பதிந்து வைத்த லாக் ஃபைலைத் திறந்து மிஸ்ஸுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"இங்க பாருங்க மிஸ், எல்லாமே சக்ஸஸ்னு இருக்கு. இது என் பிழையில்ல. மெஷின் பழசு மிஸ்."

தரம் பதினொன்றில் படிக்கிற ஒரு பிள்ளை பின்னால் நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, நம்ம லேப் காலையில குளிச்சிட்டுத்தான் வரும். ஒங்களுக்குத் தெரியாதா?"

கதவடியில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னது குளிக்குது?"

"ஆஃப் பண்ணிட்டுப் போட்டா நேத்து வச்சது எதுவுமே இருக்காதுண்ணே. பயலுக கேம் ஏத்துறானுங்கன்னு மிஸ் பூட்டு போட்டு வச்சிருக்காங்க. அதான் நாங்க எல்லாத்தையும் பென் டிரைவ்லயே வச்சிருக்கோம். ஒங்க சாமானையும் சேத்துக் குளிப்பாட்டி விட்டுருச்சு."

மிஸ் இரண்டு தடவை சொல்ல வந்தது இதைத்தான். பாஸ்வேர்டு போட்டு அந்தப் பூட்டைத் திறந்துவிட்டுத்தான் எதையும் ஏற்ற வேண்டும். திறக்காவிட்டால் மெஷின் ஒவ்வொரு தடவையும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். நான் எழுதிய சோதனைகளில் இது இல்லை. ஏறியதை வைத்துக்கொள்ளுமா என்று ஒரு மெஷினிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த நேரத்தில்கூட வழி இருந்தது. அதைத்தான் நினைக்கவே பிடிக்கவில்லை. பூட்டைத் திறக்கவே தேவையில்லை. கடைசி வரியை மட்டும் அழித்துவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டி, மெஷினை ஆஃப் பண்ணாமல் விட்டால் போதும். எல்லாம் திரையில் இருந்திருக்கும். பூட்டைப் பிறகு ஆற அமரத் திறந்து ஒழுங்காக ஏற்றியிருக்கலாம். லாக் ஃபைலைக் காட்டி வாதாடிய நேரமே அதற்குப் போதும். நான் இதை யோசித்து முடிக்கும்போது வராந்தாவில் அவர்கள் திரும்பி வருகிற சப்பாத்துச் சத்தம் கேட்டது.

'சேர், கொஞ்சம் இருங்க, என் பிழை, இப்பவே ஏத்துறேன்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சிங்களம் எனக்குத் தண்ணி மாதிரி வரும். பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டேன்.

"மகே வெரத்த, சேர்," என்றார் மிஸ். என் பிழை. மெஷின்கள் பூட்டியிருப்பதை இவரிடம் சொல்ல மறந்துவிட்டேன், இவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார் என்றார்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "எஹெமத?" அப்படியா?

தலையாட்டினேன்.

அவர் என்னமோ எழுதிக்கொண்டார். மிஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளை பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. பஸ்ஸில் மலையிறங்கிப் போகும்போது ஃபோனை எடுத்தால், ஸ்டேட்டஸுக்கு இன்னும் கைதட்டல் வந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நாளில் லொறி வந்து கம்ப்யூட்டர்களை ஏற்றிக்கொண்டு போனது. மிஸ்தான் கோல் எடுத்துச் சொன்னார். "புள்ளையள் கேக்குதுகள் மகன், பென் டிரைவ இனி எங்க குத்துறண்டு." அவரே தொடர்ந்தார். "டவுன் ஸ்கூல் சேர் அந்த ஸ்கிரிப்ட்ட கேட்டார். நல்ல சாமான் தானே. குடுக்கவா?"

"குடுங்க மிஸ்," என்றேன். பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பதை முதல் சோதனையாகச் சேர்த்து, கடைசி வரியை எடுத்துவிட்டு அனுப்பினேன். அதே மெஷின்கள். ஒரு பிழையும் இல்லாமல் ஓடியதாம்.

எங்கள் லேப் அறையில் இப்போது தரம் ஆறு வகுப்பு நடக்கிறது.