நரி என்று நினைத்துத் திரும்பிப் படுத்தவன்

ஸ்டெல்லானை ஹோல்கர் மன்னிக்கவே இல்லை. கடைத்தெருவில் அவன் எதிரே வந்தால் லாரியை ஓரங்கட்டி, அவன் கடந்துபோகும் வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பான். வருஷங்கள் ஓடியும் அந்தப் பழக்கம் போகவில்லை. போலீஸ்காரன் பொய் சொன்னால் அது அவன் பிழைப்பு. சிநேகிதன் பொய் சொன்னால் காறித் துப்பலாம். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் என்ன செய்வது?

ஏமாந்தவன் ஹோல்கர் இல்லை, அவனுடைய வேட்டைக் கூட்டாளி ஆர்விட். லோம்வீக் ஊர் மர ஆலையில் பையனாகச் சேர்ந்து, ரம்பத்துக்கு இரண்டு விரல் கொடுத்து, அங்கேயே கிழவன் ஆனவன். கல்யாணம் இல்லை. பேச்சும் குறைவு; வாயைத் திறந்தால் பாதி வானிலை, பாதி அவன் நாயைப் பற்றி. பனிக்காலத்தில் விடிவதற்குள் எழுந்து பக்கத்து வீட்டு சிக்ரிட்டின் வாசலில் பனியைத் தள்ளிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் தன் வாசலுக்கு வருவான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

சிக்ரிட்டின் மகள் ஆனெலியை ஒரு பிப்ரவரி இரவில் ஏரிக்கரைப் பாதையில் யாரோ கொன்றுபோட்டார்கள். கிடைத்த தடயத்தைப் படிக்க அன்றைய ஆய்வகத்துக்குத் தெரியவில்லை. வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. பக்கத்து வீட்டுத் தனிக்கட்டை மேல் சந்தேகம் விழாமல் இருக்குமா? விழுந்தது. ஆனால் அது ஆர்விட்டுக்குத் தெரியாது.

அந்த வழக்கைப் பார்க்க வந்த போலீஸ்காரன்தான் ஸ்டெல்லான். வந்த இரண்டாம் வருஷமே துப்பாக்கியும் நாயும் வாங்கிக்கொண்டு ஊர் வேட்டைக் குழுவில் சேர்ந்தான். இலையுதிர் காலத்தில் எல்க் மான் வேட்டை தொடங்கும்போது, யார் யாரோடு எந்த மேட்டில் நிற்பது என்று, பெயர் எழுதிய மரச்சில்லுகளைத் தொப்பியில் போட்டு எடுப்பார்கள். புது ஆள் என்று தொப்பியை அவனிடம் கொடுத்தார்கள். அது அவனிடமே நின்றுவிட்டது. வருஷா வருஷம் அவனும் ஆர்விட்டும் ஒரே மேடு.

"பாத்தியா, இந்த வருஷமும் உன்னை என் தலையிலதான் கட்டியிருக்காங்க," என்பான் ஆர்விட், சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல்.

"உன் காபிக்கு யாருடா வருவா, நான் வந்தாத்தான் உண்டு," என்பான் ஸ்டெல்லான்.

ஒரு வருஷம், மூடுபனிக்குள் மான் வராத ஒரு காலையில், ஆர்விட் அதைச் சொன்னான். ஆனெலி செத்த இரவு அவன் காதில் ஒரு அலறல் விழுந்தது. பிப்ரவரியில் பெண் நரி துணை தேடிக் கத்தும். பொம்பளை அலறுவது போலவே இருக்கும். இந்த ஊரில் அதைக் கேட்டுத் திரும்பிப் படுக்காதவன் கிடையாது. அவனும் திரும்பிப் படுத்தான்.

"சிக்ரிட்கிட்ட நானே சொல்லணும். வாய் வரமாட்டேங்குது. அதுவரைக்கும் நீ யார்கிட்டயும் சொல்லிடாதே."

"இது இந்த மேட்டைத் தாண்டாது," என்றான் ஸ்டெல்லான்.

பிறகு ஆய்வகங்கள் தேறின. வேறு மாவட்டத்து ஆள் ஒருவன் அகப்பட்டான். ஸ்டெல்லான் ஓய்வு பெற்றான். உண்மை வழக்கை வைத்து டிவி நாடகம் எடுக்கிறார்கள், கதை சொல்வதே நம் ஸ்டெல்லான்தான் என்று செய்தி வந்தபோது ஊரே நெஞ்சை நிமிர்த்தியது. நாடகம் பார்க்க ஹோல்கர் உட்பட வேட்டைக் குழு முழுவதையும் ஆர்விட் தன் வீட்டுக்குக் கூப்பிட்டான்; ஸ்டெல்லான் மட்டும் வரவில்லை. கேக் வேறு வாங்கி வைத்திருந்தான்.

பெயர்களை மாற்றியிருந்தார்கள். இரண்டு விரல் இல்லாத கையை மாற்றவில்லை. திரையில் போலீஸ்காரன் அந்தக் கைக்காரனின் மரச்சில்லில் நகத்தால் கீறி அடையாளம் வைத்தான்; தொப்பிக்குள் தடவி அதையே தன் ஜோடியாக எடுத்தான். அடுத்த காட்சியில் காருக்குள் மேலதிகாரியிடம் சொன்னான்: "அவன் என்னை நண்பன்னு நம்பிட்டான். இன்னும் ஒரு வருஷம் குடுங்க, கக்க வெச்சிடுறேன்." அதற்கடுத்து மேடு, மூடுபனி, நரிக் கதை.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆர்விட் எழுந்து காபிப் பாத்திரத்தைக் கொண்டுவந்து எல்லோர் கோப்பையிலும் ஊற்றினான். "கேக் மிச்சமிருக்கு, எடுத்துக்குங்க," என்றான்.

மறுநாள் பனி கொட்டியிருந்தது. அவன் மண்வாரியோடு போனபோது, எண்பது தாண்டிய சிக்ரிட் தானே வாசலில் நின்று பனியை அள்ளிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதன்பின் எத்தனையோ முறை தட்டிப் பார்த்தான். திறக்கவில்லை.

வசந்தத்தில் ஸ்டெல்லான் ஆர்விட்டின் வீட்டுக்கு வந்தான். ஹோல்கர் அப்போது அங்கே விறகு இறக்கிக்கொண்டிருந்தான். வெளியே போகச் சொல்லுவார்கள் என்று காத்திருந்து, சொல்லாததால் நின்றான்.

"எப்ப என்னைச் சந்தேகப்படறதை விட்டே?" என்றான் ஆர்விட்.

"நாலாவது வருஷம்."

"அப்புறமும் சில்லுல கீறினியா?"

"கீறினேன்."

"எதுக்கு?"

"உன்கூட நிக்கப் பிடிச்சிருந்துச்சு."

"அந்தக் காட்சியில அதைச் சொல்லலியே."

"அவங்க வெட்டிட்டாங்க. நரி விஷயம் இருந்தாத்தான் ஜனம் பார்க்கும்னாங்க. நான் என்ன பண்ண?"

"வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம், பெரிய மனுஷா," என்றான் ஹோல்கர் விறகு அடுக்குக்குப் பின்னாலிருந்து.

"நீ சும்மா இரு," என்றான் ஆர்விட். பிறகு ஸ்டெல்லானிடம், "எனக்கு உன்மேல கோபம் இருக்கான்னே தெரியல. என் வாயால சொல்ல ஒண்ணே ஒண்ணு வெச்சிருந்தேன். அதை எடுத்துக்கிட்டுப் போயிட்டே. கிளம்பு."

ஸ்டெல்லான் கிளம்பினான். அந்த இலையுதிர் காலத்தில் ஆர்விட் வேட்டைக்கு வரவில்லை. நுரையீரலில் புற்று என்றார்கள். ஆலைத் தூசி என்றார்கள். ஹோல்கர் வேறு காரணம் வைத்திருந்தான், ஆனால் மருத்துவமனையில் அதையெல்லாம் யார் கேட்பார்கள்?

ஹோல்கர் கடைசியாகப் பார்க்கப் போனபோது ஆர்விட் மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசினான்.

"நீ சிக்ரிட் வீட்டுக்குப் போ."

"அவதான் டிவியிலயே பார்த்துட்டாளே, ஆர்விட்."

"அவ பார்த்தது எவனோ ஒரு நடிகனை. நீ போய், ஆர்விட்டுக்குக் கேட்டுச்சு, அவன் எழுந்திரிக்கல, அவனே சொல்லச் சொன்னான்னு சொல்லு. திறக்கலைன்னா கதவுகிட்ட நின்னு சொல்லு."