மொரி சானின் சட்டியில் மூன்று பேர்

டுசல்டோர்ஃப் நகரத்தில் நான் வாடகைக்கு இருந்த விடுதியின் பிரிட்ஜில் பால் போத்தல்களுக்கும் பெயர் இருந்தது. ஜெர்மன்காரர் தத்தம் போத்தலில் பெயர் எழுதியதோடு, பால் எவ்வளவு மிச்சம் என்று பேனையால் கோடும் போட்டுவைப்பார்கள். அதே நகரத்தில், நான் கோப்பை கழுவிய ஜப்பானிய உணவகத்தில், கழுத்துப்பட்டி கட்டிய பெரிய உத்தியோகத்தர்கள் ஒரு சட்டியைச் சுற்றி இருந்து, வாயில் வைத்த குச்சியையே திரும்பவும் சட்டிக்குள் விட்டுச் சாப்பிட்டார்கள். எச்சில் பார்த்து வளர்ந்த எனக்கு, இதில் எது நாகரிகம் என்று கனகாலம் பிடிபடவில்லை. அந்தச் சட்டிச் சாப்பாட்டுக்குப் பெயர் நாபே.

உணவகத்தின் சமையற்காரர் மொரி சான். ஐம்பது வயது, தனி ஆள். அவருடைய டொச்சும், அதாவது ஜெர்மன் பாஷையும், என்னுடைய டொச்சும் ஒரே அளவில் மோசமானவை என்பதால் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை இருந்தது. கடை பூட்டும் திங்கட்கிழமைகளில் அவர் தனக்காகச் சமைப்பார். நாபேயைத் தனியே சாப்பிட ஏலாது, உன் சிநேகிதர்களைக் கூட்டிவா என்று கையாலும் வாயாலும் சொன்னார்.

எனக்கு இருந்தது இரண்டு சிநேகிதர்கள். யோகன் கிழக்கே பீலெஃபெல்ட் நகரத்தில், நேசன் மேற்கே ஆகன் நகரத்தில். யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். பிறகு நேசன் ஓர் இயக்கத்துக்குப் போனான்; யோகனின் தம்பி பாபு இன்னோர் இயக்கத்துக்குப் போனான். ஒரு நாள் நேசனின் இயக்கம் பாபுவின் இயக்கத்தைத் தடைசெய்தது. பாபுவை வீட்டில் வைத்துப் பிடித்தார்கள்; பிறகு உடம்புதான் வந்தது. வீட்டைக் காட்டிக்கொடுத்தது நேசன் என்று ஊர் சொன்னது. அப்போது ஜெர்மனியில் இருந்த யோகனும் அதைத்தான் கேள்விப்பட்டான். ஒரு மாதத்தில் நேசனும் இயக்கத்தை விட்டு ஓடி வந்து இதே நாட்டில் அகதியானான். இரண்டு பேரும் கதைக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் நேசன் கனடா போவதற்கு ஆயத்தமாகிவிட்டான். ‘போறதுக்கு முன்னம் யோகனை ஒருக்காக் காணவேணும் மச்சான்’ என்று போனில் சொன்னான். யோகனுக்கு நான் சாப்பாட்டை மட்டும் சொன்னேன்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குத் தெரிந்திராது: அந்த நாட்களில் இங்கே அகதி தன் மாவட்டத்தைத் தாண்ட எர்லவ்ப்னிஸ், அதாவது அனுமதி, எடுக்கவேண்டும். இரண்டு பேரும் எடுக்காமல்தான் வந்தார்கள். முதலில் வந்த நேசன் சட்டிக்குப் பக்கத்தில் இருந்தான். யோகன் வாசலில் நின்று அவனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வெளியே கொட்டும் பனியைப் பார்த்தான். அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்தது. சப்பாத்தைக் கழற்றினான்.

‘ப்ரூடர்?’ என்று மொரி சான் இருவரையும் காட்டிக் கேட்டார். சகோதரர்களா?

யோகன் ‘நைன்’, இல்லை என்றான். நேசன் ‘யா’, ஓம் என்றான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் மொரி சான் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

சட்டிக்குள் நண்டு, இறால், கணவாய், முட்டைக்கோஸ் என்கிற கோவா, ஏதோ ஒரு வெள்ளைக் கட்டி. மீனும் நண்டும் போட்டு ஊரில் காய்ச்சும் கூழ், ஆனால் உப்பும் புளியும் இல்லாதது என்று வைத்துக்கொள்ளலாம். உறைப்புக்கு ஒரு சின்னச் சிமிழில் செத்தல் மிளகாய்த் தூள் இருந்தது. முதல் சுற்றிலேயே அதைக் காலியாக்கினோம். முள்ளுக்கரண்டி தர மொரி சான் மறுத்துவிட்டார். குச்சியால் பிடித்த இறால் நழுவிச் சட்டிக்குள்ளேயே விழும்; அதையே அடுத்தவன் துரத்துவான். யோகன் துரத்தினால் நேசன் குச்சியை எடுத்துவிடுவான். இப்படியே நெடுநேரம் போனது. யாரும் கதைக்காததால், சாப்பாடு பிடித்துப்போய்விட்டது என்று மொரி சான் இன்னும் கோவாவை அள்ளிப் போட்டார்.

‘கடைசியா எப்ப பாபுவைக் கண்டனீ?’ யோகன் சட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

‘அண்டைக்கு மத்தியானம்’ என்றான் நேசன். ‘நான்தான் கூப்பிட்டனான். பிடிக்கப் போறாங்கள், உடன வெளிக்கிடு எண்டு சொல்லி என்ர சைக்கிளையும் குடுத்தனான். அம்மாட்டச் சொல்லிப்போட்டுப் போறன் எண்டு வீட்ட போனவன்.’

யோகன் நண்டுக்கால் ஒன்றைக் கடித்து உடைத்தான். சதையை ஆறுதலாக எடுத்து முடித்தான்.

‘சாப்பிட்டவனோ?’

‘ஓம். எங்கட வீட்டிலதான்.’

‘என்ன கறி?’

‘புட்டும் கணவாயும்.’

‘கணவாய் எண்டால் அவன் தொடமாட்டானே.’

‘அண்டைக்குச் சாப்பிட்டவன். ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினவன்.’

யோகன் அதை நம்பினானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் கண்ணைத் துடைக்காமல் அப்படியே இருந்தான். நேசனும் அப்படித்தான். மொரி சான் பதறிப்போய்க் காலிச் சிமிழைத் தூக்கிக் காட்டினார்.

‘ஷார்ஃப்?’ உறைப்போ?

‘யா’ என்றான் யோகன். ‘ஸேர் ஷார்ஃப்.’ சரியான உறைப்பு.

அந்தத் தூளுக்கு எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் கண் கலங்காது. மொரி சான் தண்ணீர் எடுக்க ஓடினார். திரும்பிவந்து, மிஞ்சிய சாற்றில் சோற்றைக் கொட்டி, முட்டையை அடித்து ஊற்றிக் கிண்டினார். நாபேயை அப்படித்தான் முடிப்பார்களாம், மிச்சம் விடக்கூடாதாம். யோகன் தனக்குப் போட்டான். பிறகு அகப்பையைக் கீழே வைக்காமல் நேசனின் கோப்பையிலும் போட்டான். நிறையத்தான் போட்டான்.

ஸ்டேஷனில் ஒரே மேடையின் இரு பக்கமும் அவர்களுடைய ரயில்கள் நின்றன. கை கொடுக்கவில்லை. கட்டிப்பிடிக்கவும் இல்லை. ‘கனடாக் குளிர் இதைவிட மோசமாம். நல்ல உடுப்பாப் பாத்து எடு’ என்று சொல்லிவிட்டு யோகன் ஏறிக்கொண்டான். நேசன் ‘ஓம்’ என்றான். கொஞ்ச நேர இடைவெளியில் ஒரு ரயில் கிழக்கே போனது, மற்றது மேற்கே போனது. நான் முதலில் அந்தப் பக்கமும் பிறகு இந்தப் பக்கமும் கையைக் காட்டிவிட்டு நடுவில் நின்றேன்.

வாங்கில் இருந்த ஒரு ஜெர்மன் மூதாட்டி, எந்த ரயிலைத் தவறவிட்டாய் என்று இரக்கத்தோடு கேட்டார்.

‘பைடெ’ என்றேன். இரண்டையும்.

அவர் எழுந்து வந்து அட்டவணையில் விரலை வைத்து, கிழக்கே அடுத்தது எப்போது, மேற்கே அடுத்தது எப்போது என்று பொறுமையாக விளக்கினார். என் அறை நடந்துபோகும் தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டி, முடியும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.