முத்துக்கருப்பன் சேர்த்த காகிதங்கள்

செல்லூரில் தறிச்சத்தம் கேட்காத சந்து கிடையாது. என் அக்கா வீட்டுக்காரர் முத்துக்கருப்பனின் குரல் கேட்காத சந்தும் கிடையாது. விசைத்தறித் தொழிலாளி, சங்கத்துக்காரர், வாயைத் திறந்தால் சோசலிசம். அவருக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தைத் தூரப் போட மாட்டார். கூட்ட நோட்டீஸ், மேடைப் பேச்சுக்கு எழுதிய குறிப்பு, மாநாட்டுக்குப் போன பஸ் டிக்கெட் என்று எல்லாம் கட்டிலுக்கடியில் இருக்கும் இரண்டு டிரங்குப் பெட்டிகளுக்குள் போய்விடும். அக்கா சீனியம்மாள் அந்தப் பெட்டிகளைத் தன் சக்களத்திகள் என்பாள்.

எண்பத்து நாலில், பழைய காகிதங்களைச் சேர்த்துப் பாதுகாக்கும் ஒரு நூலகத்திலிருந்து தங்கப்பொண்ணு என்ற அம்மா வந்தார். அமெரிக்காவில் ஒரு சோசலிஸ்டுக்காரர் எழுதிய துண்டுச் சீட்டுகளையெல்லாம் அட்டைப்பெட்டிகளில் அடுக்கி நூலகத்தில் வைத்திருக்கிறார்களாம். செல்லூர்த் தோழருக்கும் அப்படி ஓர் அலமாரி தருகிறோம் என்றார். மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆசைக்குள் ஒரு பயமும் இருந்தது. எழுபத்தொன்பதில் கூலி உயர்வு கேட்டு செல்லூரே தறியை நிறுத்தியது. மாமாவைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். இப்போது தறிக்கு வந்திருக்கும் புது ஆட்கள், அப்படி ஒரு ஸ்டிரைக்கா என்று கேட்டார்கள்.

"மறந்துட்டாய்ங்கன்னா மறுபடி மொதல்லேருந்து அடி வாங்கணும் மாப்ள. அந்த ஸ்டிரைக் நோட்டீஸு கண்ணாடிக்குள்ள இருக்கணும்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

தங்கப்பொண்ணு முன்னிலையில் பெட்டிகளைத் திறந்தார். பஸ் டிக்கெட் வரை இருந்தது. ஸ்டிரைக் நோட்டீஸில் மட்டும் ஒன்றுகூட இல்லை. மாமா பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார்.

"ஸ்டிரைக் நோட்டீஸ் கட்டு எங்க சீனி?"

"அடுப்படியில."

அக்கா உள்ளே போய், அரிசி போட்டு வைக்கும் காகிதக் கூடையைத் தூக்கிவந்து நடுவீட்டில் வைத்தாள்.

"உங்களப் பிடிச்சிட்டுப் போன அன்னைக்கே, வீட்டைச் சோதனை போட வாராகன்னு ஆள் வந்து சொல்லுச்சு. அம்புட்டையும் ஊறப்போட்டு வெந்தயத்தோட ஆட்டிட்டேன். குடத்தைக் கவுத்தி மேல அப்பிக் காயவச்சேன். கஞ்சித்தொட்டிக்கு அரிசி வாங்க ஏனம் வேணும்ல."

பழைய காகிதத்தில் கூடை செய்வது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கைவந்த வேலை. ஸ்டிரைக் முடியும்வரை அந்தக் கூடையோடு சந்து சந்தாக அரிசி கேட்டு வாங்கி, தறிக்காரக் குடும்பங்களுக்குத் தெருவில் கஞ்சி காய்ச்சி ஊற்றியவள் அக்காதான். எந்தக் காகிதத்தில் செய்தாள் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். ஊருக்கெல்லாம் சமத்துவம் பேசிய தோழர், அந்தக் கூடை அரிசியில் வருசக்கணக்காகச் சோறு தின்றும் அடுப்படியை எட்டிப் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமா முகத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

தங்கப்பொண்ணு கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் சரியாக அரைபடாத ஒரு துணுக்கில் 'வேலைநிறுத்தம்' என்ற எழுத்து தெரிந்தது.

"ஐயா, பெட்டி இருக்கட்டும். முதல்ல இந்தக் கூடையைக் கொடுங்க" என்றார்.

மாமா முகம் மலர்ந்துவிட்டது. கூடையை எடுத்து நீட்டியே விட்டார்.

"குடுத்துட்டா அடுத்த ஸ்டிரைக்குக்கு எதைத் தூக்கிட்டுப் போறது?" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை, உப்புப் புளி விசாரிப்பது மாதிரிதான் கேட்டாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அக்காவைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"டிரங்குப் பெட்டி ரெண்டையும் எடுத்துக்கங்கம்மா. கூடை இன்னும் வேலையில இருக்கு" என்றார்.

மறுவருசம் தறி மறுபடி நின்றது. இந்த முறை மாமா வெளியில் இருந்தார். கூடையைத் தானே இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினார், நான் பின்னால் போனேன். பழைய ஸ்டிரைக்கை விளக்கிச் சொல்ல ஒரு பேச்சு எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். முதல் வீட்டில் மலையம்மாள் கதவைத் திறந்தாள். மாமா தொண்டையைச் செருமினார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"எழுபத்தொம்போது ஸ்டிரைக்குல சீனி கொண்டாந்த கூடையில்ல இது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், படி நிறைய அரிசி கொண்டுவந்து கொட்டினாள்.

அடுத்த வீட்டிலும் அதே பேச்சுதான். அதற்கடுத்த வீட்டில், சீனிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். மாமாவின் கண் கலங்கிவிட்டது. எழுதிய பேச்சைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அந்தச் சந்து முடியும்வரை அவர் வாய் திறக்காமல் கூடையைச் சுமந்து நடந்தார்.