கையை உருவிய பிறகு

என் அண்ணியின் கையை இறுக்கிப் பிடித்து வைத்திருக்க எவனாலும் முடியாது என்று நான் பெருமையடித்துக்கொண்டு திரிந்தது உண்டு. பொய்யில்லை. ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதிக்குத்தான் நாங்கள் படாத பாடு பட்டோம்.

அண்ணி ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். நினைவு குழம்பிப்போன வயதானவர்களின் வார்டு அது. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது, நடக்க வைப்பது எல்லாம் அவள் வேலை. அங்கே படுத்திருப்பவர்களுக்குத் தாங்கள் இருக்கும் இடம் தெரியாது. திடீரென்று பயம் வரும். பயம் வந்தால் கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் எட்டுவது அண்ணியின் கைதான். எலும்பும் தோலுமாகக் கிடப்பவர் பிடித்தால்கூட அந்த நேரத்துப் பிடி உடும்புப் பிடி.

அப்போது கையைப் பின்னால் இழுக்கக் கூடாது. இழுக்க இழுக்க இறுகும். பிடித்திருக்கும் கையில், கட்டைவிரல் நுனியும் மற்ற விரல் நுனிகளும் சந்திக்கிற இடத்தில் ஒரு சின்னச் சந்து இருக்கும். பிடித்தவர் பக்கமாகவே ஓர் எட்டு வைத்து, முழங்கையை மடக்கி, மணிக்கட்டின் ஒடுங்கிய பக்கத்தை அந்தச் சந்துக்கு நேராகத் திருப்பி உருவ வேண்டும். கை வந்துவிடும். அவர்களுக்கும் வலிக்காது. அந்த வார்டில் எல்லாருக்கும் இது தெரியும். அண்ணிக்கு மற்றவர்களைவிட நன்றாக வரும். பேச்சை நிறுத்தாமலே கையை உருவிக்கொள்வாள்.

உருவிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் அங்கே வழக்கம் உண்டு. விலகிப் போகக் கூடாது. பிடித்திருந்த கை போய்விட்டால் அந்த வயதானவர் தடுமாறி விழுவார். அதனால் அங்கேயே நின்று, முதுகில் கையை வைத்து, "இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல" என்று சொல்ல வேண்டும். இன்னொன்று, குரலை உயர்த்தக் கூடாது. ஒருவர் கத்தினால் வார்டு முழுக்க அழ ஆரம்பித்துவிடும். சத்தம் போட அனுமதி ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். யாராவது கால் மடங்கிச் சரிவதைப் பார்த்தால் "விழறாங்க" என்று அடித்தொண்டையிலிருந்து கத்த வேண்டும். அந்தச் சத்தம் காதில் விழுந்தால், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கூட எச்சில் கையோடு ஓடி வர வேண்டும்.

இப்படிப்பட்ட வேலையில் பழகியவளுக்குப் புருஷனாக வாய்த்தவன் என் அண்ணன்.

கூடப் பிறந்தவனைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடப் பிறந்ததால்தான் பேசுகிறேன். எனக்கு அவனை அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து தெரியும். அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். வீட்டில் அவன் கையை ஓங்கியதில்லை. அதை அவனே ஊருக்கெல்லாம் சொல்லுவான். "அடிச்சேனா? ஒரு அடி? கையத்தானே பிடிச்சேன்." ஆமாம், கையைத்தான் பிடிப்பான். பேச்சில் தோற்றால் பிடிப்பான், அண்ணி அறையை விட்டு வெளியே போனால் பிடிப்பான், போனில் சிரித்தால் பிடிப்பான். திருகுசாவி பிடித்துப் பழகிய கை. அண்ணி மூச்சு வாங்காமல் உருவிக்கொள்வாள். உருவிவிட்டு அங்கேயே நிற்பாள். அவன் மறுபடி பிடிப்பான். அவர்கள் குடித்தனம் இப்படித்தான் ஓடியது.

ஒரு மழைநாளில் ஒரே ஒரு பையோடு அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிறந்த வீடு என்று போக அவளுக்கு யாரும் இல்லை. நான் எதையும் கேட்கவில்லை. முழங்கைக்கு மேலே விரல் விரலாகக் கன்றியிருந்ததைப் பார்த்தேன், முன்னறையில் கட்டிலை விரித்தேன். அன்றிலிருந்து என் அண்ணனுக்கு 'ர்' போட்டுப் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

அவன் சும்மா இருப்பானா? ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றான். பட்டப்பகலில், பத்துப் பேர் பார்க்க, கையைப் பிடித்தான். அண்ணி உருவிவிட்டாள். பாடத்தில் போடலாம், அவ்வளவு சுத்தமாக. அந்த வேகத்தில் அவன் நடைபாதை ஓரத்தில் கால் இடறித் தள்ளாடினான். அப்போது என் அண்ணி என்ன செய்தாள் தெரியுமா? தாவிப்போய் அவன் முதுகைத் தாங்கிப் பிடித்து, "பாத்து, பாத்து, இங்கதான் இருக்கேன்" என்றாள்.

அவன் சாவகாசமாக இரண்டு கையாலும் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் அவன் டிப்போவுக்குப் போன பிறகுதான் அவளால் பூட்டை உடைத்து வெளியே வர முடிந்தது.

நாங்கள் போலீசில் புகார் கொடுத்தோம். கூப்பிட்டுக் கண்டித்தார்கள். பூனை மாதிரி உட்கார்ந்து தலையை ஆட்டிவிட்டு வந்தான். அதற்குப் பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. அவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து போக வேண்டிய ஊர். மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். "பொண்டாட்டியக் கூட்டிட்டுத்தான் போவேன்" என்று டிப்போவில் சொல்லிக்கொண்டு திரிகிறானாம். அங்கே போய்க் கதவைச் சாத்திவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? எங்கள் காதுக்கு ஒரு சத்தமாவது வருமா?

வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "போகலன்னா அவங்களுக்கு யாரு ஊட்டுவா?" என்றாள். அதற்கு மேல் அவளிடம் பேச்சு எடுபடாது.

சரி, பழகிப் பார்ப்போம் என்று முன்னறையில் மேசையை ஒதுக்கினோம். அண்ணனாக நடிக்க என் வீட்டுக்காரர். அவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர், கை உரல் மாதிரி இருக்கும். ஆனால் மனுஷர் கூச்சப்பட்டுக்கொண்டு, நாடி பார்ப்பதுபோல அண்ணியின் கையைத் தொட்டார்.

"என்னங்க, ஜுரம் இருக்கான்னு பாக்கறீங்களா? நல்லாப் பிடிங்க."

"அக்காவுக்கு வலிக்குமே."

"அவன் வந்து பிடிக்கிறப்ப வலிக்காதா?"

பிறகு நிஜமாகவே பிடித்தார். அப்போதுதான் ஒரு விஷயம் விளங்கியது. இந்தப் பிடி வார்டுப் பிடி இல்லை. ஒரு கையால் உருவ வரவில்லை. அண்ணியின் முகம் சுண்டிவிட்டது. கொஞ்சம் யோசித்தாள். பிடிபட்ட கையை முஷ்டியாக மடக்கி, அந்த முஷ்டியை இன்னொரு கையால் பற்றிக்கொண்டு, அவர் நெஞ்சுக்கு நேராக ஓர் எட்டு உள்ளே வந்து, உடம்போடு சேர்த்துத் திருப்பினாள். வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் தன் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே, "இதுக்கு மேல என்ன கத்துக்கணும்?" என்றார்.

போகக் கற்றுக்கொள்ள வேண்டும். அதுதான் வரவில்லை.

"இப்ப போங்க அண்ணி. வாசலுக்கு."

"போறேன்" என்பாள். நிற்பாள்.

"ஓடுங்க."

"ஓடறேன்மா." இரண்டு எட்டு வைத்துத் திரும்பிப் பார்ப்பாள். ஒருமுறை தெரு வரைக்கும் போய்விட்டாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர், சோதித்துப் பார்க்கிறாராம், நாற்காலியில் இடித்துக்கொண்டு "ஐயோ" என்று சரிந்தார். அண்ணி பறந்து வந்து அவரைத் தாங்கிப் பிடித்துவிட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் அவள் தோளில் சாய்ந்தபடியே, "பிடிச்சுட்டேன்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாம் போல இருந்தது.

கத்துவதும் அப்படித்தான். கத்துங்கள் என்றால் "ஏங்க, விடுங்க" என்று பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத குரலில் சொல்வாள். "காப்பாத்துங்கன்னு கத்துங்க அண்ணி" என்றால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். "எனக்காக நானே எப்படிக் கத்தறது? வெக்கமா இருக்கு."

"அப்ப வாயில பிளாஸ்திரி ஒட்டிக்குங்க" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். அன்று ராத்திரி இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

தினமும் நானே ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் அவளைக் கூட்டி வர ஆரம்பித்தேன். மதியம் ஷிப்ட் மாறும் நேரம். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் வாசலில் கூட்டமாக நிற்பார்கள். அந்த நேரத்தில் ஒன்றும் நடக்காது என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

மாதக் கடைசி நெருங்கிவிட்ட ஒரு நாள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். லாரிக்குப் பின்னால் லாரி. கடக்க முடியவில்லை. எதிரே அண்ணி கேட்டைத் தாண்டி வருவது தெரிந்தது. சுவரோரத்தில் நின்றவன் திரும்பினான். என் அண்ணன். பக்கத்தில் கதவு திறந்தபடி ஒரு கார்.

கையைப் பிடித்துவிட்டான்.

நான் கத்தினேன். ஹாரன் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு லாரிகளுக்கு நடுவில் துண்டு துண்டாகத்தான் பார்த்தேன். அண்ணி பின்னால் இழுக்கவில்லை. இன்னொரு கையால் தன் முஷ்டியைப் பற்றினாள். அவன் நெஞ்சை நோக்கி ஓர் எட்டு வைத்தாள். ஒரு லாரி மறைத்தது. அது நகர்ந்தபோது கை வெளியே வந்திருந்தது. அவன் காரின் மேல் சாய்ந்து தள்ளாடிக்கொண்டிருந்தான். அண்ணி நின்றாள்.

நின்றாள் என்று இப்போது சாதாரணமாக எழுதுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. அவள் கை அவன் முதுகுப் பக்கம் நீள்வதை என் கண்ணால் பார்த்தேன். போங்க அண்ணி, போங்க, போங்க என்று வாய்க்குள் முணுமுணுத்தேன். நீண்ட கை பாதியில் நின்றது. பிறகு அவள் வாயைத் திறந்தாள். லாரிகளின் இரைச்சலைத் தாண்டி எதிர்ப்பக்கம் வரைக்கும் கேட்டது.

"விழறாங்க!"

கேட் பக்கம் ஒரு நொடி எல்லாம் அசையாமல் நின்றது. அடுத்த நொடி, வேலை முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர்கள், வேலைக்கு வந்து பையைக்கூட இறக்காதவர்கள், நாலா பக்கத்திலிருந்தும் ஓடி வந்தார்கள். யோசித்து ஓடி வரவில்லை, கால் தானாக ஓடியது என்று பிறகு சொன்னார்கள். அத்தனை பேரும் என் அண்ணன் மேல்தான் விழுந்தார்கள். தள்ளாடிக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தானே. இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர் தாங்கிப் பிடித்தார்கள். எவரோ சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து முழங்காலுக்குப் பின்னால் தள்ளினார். தொப்பென்று உட்கார்ந்தான். எழுந்திருக்கப் பார்த்தவனை, "அவசரப்படாதீங்க ஐயா, தலை சுத்தும்" என்று தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் வழி செய்துகொண்டு அண்ணி எதிர்த்திசையில் நடந்தாள். ஓடவில்லை. கேட்டுக்குள் நுழைந்து, செக்யூரிட்டி அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் ரோட்டைக் கடந்து போனபோது வார்டின் பெரிய சிஸ்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார். "என் பொண்டாட்டிங்க, குடும்ப விஷயம்" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். சிஸ்டர் நிமிர்ந்து, திறந்திருந்த காரைப் பார்த்தார், சாத்தியிருந்த செக்யூரிட்டி அறைக் கதவைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகும் கையை விடவில்லை.

"நாடி ரொம்ப வேகமா இருக்கு. போலீஸ் வர்ற வரைக்கும் உக்காருங்க."

அவன் கையை இழுத்தான். பின்னால் இழுத்தால் வருமா?

இந்த முறை போலீசில் சும்மா கண்டித்து அனுப்பவில்லை. சாட்சி சொல்ல ஒரு ஷிப்ட் முழுக்க நின்றது. பக்கத்தில் வரக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். மாதக் கடைசியில் தனியாகத்தான் பஸ் ஏறினான். ஏறியதை டிப்போவில் இருந்த ஒருவர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அன்றைக்கு எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

ஆனால் எனக்கு நிம்மதி வந்தது அதற்கு முன்னாலேயே, அந்த மதியமே. வீட்டுக்கு வந்து அண்ணிக்குச் சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன். மணிக்கட்டு சிவந்திருந்தது. ஆனாலும் பிசைந்து சாப்பிட்டாள். அவள் எந்தக் கேள்வியைக் கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். அவர் விழுந்துட்டாரா, அடிகிடி பட்டுதா, இதைத்தான் கேட்பாள். எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

தட்டைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சாப்பாடு இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.